பழைய செய்தித்தாள் படங்களை ஸ்கேன் செய்து தெளிவாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் ஒரு படிப்பகத்தின் செய்தித்தாள் நறுக்குகளை நான் பராமரித்து வருகிறேன். மில் வேலைநிறுத்தம், கால்பந்துக் கோப்பை, குத்துச்சண்டை, தேர்த் திருவிழா, குடிசைத் தீ என்று பல ஆண்டுகளாகப் பெட்டிக்குள் கிடந்த படங்களை அக்கம்பக்கத்தார் எடுத்து வருகிறார்கள். வியாசர்பாடிக்காரரும் காசிமேட்டுக்காரரும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ இருக்கும் ஒரே படம், செய்தித்தாளில் வந்த படம்தான். ஸ்டுடியோவுக்குப் போய் உட்கார அவர்களுக்குக் காசும் இல்லை, நேரமும் இல்லை. அதனால்தான் பதில்கள் சில இடங்களில் கண்டிப்பாக இருக்கும்.

பேப்பரில் பார்த்தால் நன்றாக இருக்கிற படம், ஸ்கேன் செய்தால் மட்டும் ஏன் கெட்டுப்போகிறது?

செய்தித்தாள் அச்சில் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. கறுப்பு மை மட்டும்தான் உண்டு. வெளிச்சமான இடத்தில் சிறிய கறுப்புப் புள்ளிகளையும், இருண்ட இடத்தில் பெரிய புள்ளிகளையும் நெருக்கமாக அச்சிட்டு, சாம்பல் நிறம் இருப்பதுபோல் கண்ணுக்குக் காட்டுகிறார்கள். இதை ஹாஃப்டோன் என்பார்கள். ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். நெற்றியில் வெள்ளைத் தாளின் மேல் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். கன்னத்தில் அவை வளர்ந்து ஒன்றின் முனையை ஒன்று தொட்டு, சதுரங்கப் பலகைபோல் ஆகும். தலைமுடிக்கு வந்தால் எல்லாம் கறுத்து, நடுநடுவே வெள்ளை ஊசிக்குத்துகள் மட்டும் மிஞ்சும். புள்ளி வரிசைகள் நேராக ஓடாமல், பெரும்பாலும் 45 பாகை சாய்வாக ஓடுவதையும் கவனிக்கலாம்.

படத்தைப் பொறித்த துத்தநாகத் தகட்டை, அதாவது பிளாக்கை, வைத்து அச்சிட்ட காலத்துச் செய்தித்தாள்களில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 65 வரிசைப் புள்ளிகள் இருக்கும். ஆஃப்செட் என்னும் அச்சுமுறை வந்த பிறகு அது 85, 100 என்று கூடியது. கை நீளத்தில் தாளைப் பிடித்தால் நம் கண் அந்தப் புள்ளிகளைக் கலந்து ஒரு முகமாகக் காண்கிறது. ஸ்கேனர் அப்படிக் கலப்பதில்லை. ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாகப் படமெடுத்துத் தருகிறது.

படம் முழுக்க அலை அலையாகக் கட்டம் விழுகிறது. ஸ்கேனர் பழுதா?

ஸ்கேனரில் பழுது இல்லை. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் புதிதாக ஒரு பெரிய அலைக்கோலம் தோன்றுமே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. அச்சுப் புள்ளிகள் ஒரு வலை, ஸ்கேனர் படத்தைப் பிரித்துப் பதியும் சிறு கட்டங்களான பிக்சல்கள் இன்னொரு வலை. இரண்டின் இடைவெளியும் சரியாகப் பொருந்தாதபோது அலை பிறக்கிறது. மொய்ரே என்பது அதன் பெயர்.

ஸ்கேன் செய்யும்போதே கோப்புக்குள் புகுந்துவிட்ட அலையைப் பிறகு எடுப்பது மிகக் கடினம். கணினித் திரையில் படத்தைச் சிறிதாக்கிப் பார்க்கும்போது மட்டும் அலை தெரிந்து, முழு அளவில் பார்த்தால் மறைந்துவிடுகிறது என்றால் கவலை வேண்டாம், கோப்பு நன்றாகவே இருக்கிறது. ஆகவே எப்போதும் 100 சதவீத அளவில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எத்தனை டிபிஐ வைக்க வேண்டும்? கடைக்காரர் 200 போதும் என்கிறார்.

ஓர் அங்குலத்தை ஸ்கேனர் எத்தனை பிக்சலாகப் பதிகிறது என்பதுதான் டிபிஐ. எழுத்துக்கு 200 போதலாம். ஹாஃப்டோன் படத்துக்குப் போதாது. 65 வரிசை அச்சில் 200 டிபிஐ வைத்தால் ஒரு புள்ளிக்கு அடுத்த புள்ளி மூன்று பிக்சல் தூரத்தில் வரும். புள்ளியின் வடிவத்தைப் பிடிக்க அது பற்றாது, அலை விழுவது ஏறக்குறைய உறுதி. 600 டிபிஐ வைத்தால் அந்த இடைவெளி ஒன்பது பிக்சலுக்குமேல் ஆகிவிடும். புள்ளிகள் முழுதாகப் பதியும், பின்னால் நாம் செய்யும் வேலைக்கு இடமும் இருக்கும்.

1200 தேவையா என்றும் கேட்கிறார்கள். கட்டைவிரல் அளவுப் படத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மற்றபடி கோப்பு நான்கு மடங்கு பெருக்குமே தவிர, அச்சில் இல்லாத விவரம் எதுவும் கூடுதலாக வராது. ஏ4 அளவை 600 டிபிஐயில் கலரில் எடுத்தாலே சுருக்காத கோப்பு 100 எம்பியைத் தாண்டும்.

கறுப்பு வெள்ளைப் படம்தானே, எதற்குக் கலரில் ஸ்கேன் செய்ய வேண்டும்?

படம் கறுப்பு வெள்ளை, தாள் அப்படி இல்லையே. மஞ்சளித்த தாள், பழுப்புக் கறை, யாரோ சிவப்புப் பேனாவில் போட்ட வட்டம் எல்லாம் நிறம் உள்ளவை. நிறத்தோடு பதிவு செய்தால்தான் பிற்பாடு அவற்றைப் படத்திலிருந்து பிரித்து எடுக்க முடியும். கறை, பேனா பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்கேனர் மென்பொருளில் 'பிளாக் அண்ட் ஒயிட்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதைத் தொடவே தொடாதீர்கள். அது ஒவ்வொரு பிக்சலையும் ஒன்று முழுக் கறுப்பு, இல்லையென்றால் முழு வெள்ளை என்று வெட்டிவிடும். பில்லுக்கும் ரசீதுக்கும் ஏற்றது. கலர் முடியாத இடத்தில், சாம்பல் நிறங்களையும் பதியும் 'கிரேஸ்கேல்' வையுங்கள்.

எங்களிடம் ஸ்கேனர் இல்லை. செல்போனில் எடுத்தால் ஆகாதா?

ஆகும், ஆனால் அது இரண்டாம் பட்சம்தான். தாளைச் சமமான பலகையில் வைத்து, மொட்டை மாடியில் நேரடி வெயில் படாத நிழலில் எடுங்கள். ஃபிளாஷ் கூடாது. போனைத் தாளுக்கு மிக அருகில் கொண்டுபோனால் ஓரங்கள் வளையும், உங்கள் நிழலும் விழும். கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து, போனைத் தாளுக்கு இணையாகப் பிடியுங்கள். ஆவணங்களை ஸ்கேன் செய்யும் செயலிகள் வேண்டாம். எழுத்தைத் தெளிவாக்கும் ஆசையில் அவை படத்தின் சாம்பல் நிறங்களைத் தின்றுவிடுகின்றன. சாதாரண கேமராவே நல்லது.

முடிந்தால் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய், '600 டிபிஐ, கலர், டிஃப் கோப்பு' என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். டிஃப் என்பது படத்தைக் கெடுக்காமல் சேமிக்கும் கோப்பு வகை. பென் டிரைவ் கையோடு கொண்டுபோங்கள்.

பின்பக்கத்து எழுத்து முகத்தின்மேல் தெரிகிறது. என்ன செய்வது?

நறுக்கின் பின்னால் ஒரு கறுப்பு சார்ட் பேப்பரை வைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். செய்தித்தாள் மெல்லிசு. ஸ்கேனரின் ஒளி அதை ஊடுருவி, மூடியின் வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பி வரும்போது பின்பக்க எழுத்தின் நிழலையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. கறுப்புத் தாள் அந்த ஒளியை விழுங்கிவிடும். படம் மொத்தமாகச் சற்று இருண்டு வரும். அதைப் படத் திருத்த மென்பொருளில் வெளிச்சத்தைச் சரிசெய்யும் 'லெவல்ஸ்' கருவியைக் கொண்டு ஒரே நிமிடத்தில் சரிசெய்யலாம். பின்பக்க எழுத்தைக் கணினியில் ஒவ்வொன்றாக அழிப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

மடிப்பு அதிகமாக இருக்கிறது. இஸ்திரி போட்டுவிட்டுக் கொண்டு வரலாமா அண்ணா?

வேண்டவே வேண்டாம். செய்தித்தாள் மரக்கூழை அரைத்துச் செய்த மலிவான தாள். அதில் லிக்னின் என்னும் பொருள் நீக்கப்படாமல் இருக்கிறது. அது காற்றும் வெளிச்சமும் பட்டுப்பட்டுத் தாளை மஞ்சளாக்கி, அமிலம் ஏற்றி, நொறுங்கவைக்கிறது. சூடு அந்த வேலையை இன்னும் வேகமாக்கும். இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே நறுக்கை விரித்து, மேலே கனமான புத்தகங்களை வைத்துச் சில நாள் விட்டுவிடுங்கள். விரிக்கும்போதே மடிப்பு உடைகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விரிந்த வரைக்கும் ஸ்கேன் செய்தால் போதும்.

செல்லோடேப் ஒட்டாதீர்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், மை கையோடு வந்துவிடும். கிழிந்த துண்டுகளைப் பசையில்லாமல் கண்ணாடிமேல் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி ஸ்கேன் செய்து, கணினியில் சேர்த்துக்கொள்ளலாம். லேமினேஷனும் கூடாது. அது தாளைச் சூட்டில் பிளாஸ்டிக்கோடு ஒட்டிவிடும், பிறகு பிரிக்க வழியே இல்லை. கடற்காற்று அடிக்கும் ராயபுரம், காசிமேடு வீடுகளில் சுவரை ஒட்டிய அலமாரி ஈரம் வாங்கும். நறுக்குகளை அங்கே வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சிக்கு ஈரமும் இருட்டும்தான் பிடிக்கும்.

ஸ்கேனரிலேயே 'டீஸ்கிரீன்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை டிக் செய்தால் முடிந்ததா?

அச்சுப் புள்ளிகளை ஸ்கேனரே அழிக்கும் வசதி அது. அவசரத்துக்கு முடிந்தது. பல ஸ்கேனர்களில் அதற்குள்ளேயே செய்தித்தாள், பத்திரிகை, உயர்தர அச்சு என்று பிரிவுகள் இருக்கும். செய்தித்தாளுக்கு அநேகமாக 85 வரிசை என்று வைத்திருப்பார்கள். 65 வரிசையில் அச்சான பழைய படத்துக்கு அது சரியாகப் பொருந்தாது. புள்ளியும் முழுசாகப் போகாமல் முகமும் மங்கிப்போய் வரும். அதைவிட முக்கியமானது, புள்ளிகள் அழிந்த கோப்பு மட்டுமே உங்கள் கையில் மிஞ்சும். ஆகவே டிக் போடாமல் ஒரு ஸ்கேன் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அதுதான் மூலக் கோப்பு. அடுத்து வருகிற எல்லா வேலையையும் அதன் நகலில்தான் செய்ய வேண்டும்.

கையாலேயே புள்ளிகளை நீக்குவது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

ஜிம்ப் என்னும் படத் திருத்த மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அது போதும். போட்டோஷாப் இருந்தாலும் வழி இதுதான். முதலில் நகலைத் திறந்து, படம் இருக்கும் பகுதியை மட்டும் தேர்ந்தெடுங்கள். கீழே இருக்கும் பட விளக்கம் புள்ளியால் ஆனதல்ல. அதையும் சேர்த்து மழுக்கினால் பெயர்கள் படிக்க முடியாமல் போய்விடும்.

அடுத்து, பெரிதாக்கிப் பார்த்து ஒரு சாய்ந்த வரிசையில் ஒரு புள்ளியின் நடுவிலிருந்து பத்தாவது இடைவெளி வரை எத்தனை பிக்சல் என்று அளந்து பத்தால் வகுங்கள். 600 டிபிஐயில் 65 வரிசை அச்சு என்றால் சுமார் 9, 85 வரிசை என்றால் சுமார் 7 வரும். இந்த எண்ணில் பத்தில் நான்கு பங்கை, படத்தை மழுக்கும் 'காஸியன் பிளர்' கருவியின் அளவாகக் கொடுங்கள், அதாவது 3 முதல் 4 பிக்சல். திரையில் புள்ளிகள் கரைந்து, சதுரங்கப் பலகையாக இருந்த கன்னம் ஒரே சாம்பலாக மாறுவதைப் பார்ப்பீர்கள். மழுங்கலாகத் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம். இப்போது படத்தை மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குச் சிறிதாக்குங்கள், 600 டிபிஐ 200 ஆகும். மழுங்கல் பெருமளவு மறைந்துவிடும். புள்ளிகளுக்கு இடையே இருந்த பிக்சல்களில் தனி விவரம் எதுவும் இல்லை என்பதால் இதில் இழப்பும் இல்லை.

அதற்குப் பிறகுதான் 'லெவல்ஸ்'. வெளிச்சத்தைச் சரிசெய்வதை முதலிலேயே செய்யக் கூடாது. ஒரு புள்ளிக்கும் சுற்றியுள்ள வெள்ளைக்கும் உள்ள விகிதம்தான் அந்த இடத்தின் சாம்பல். முன்னதாகவே கறுப்பைக் கூட்டினால் புள்ளிகளின் ஓரம் தடித்து விகிதம் மாறிவிடும். கடைசியாக, ஓரங்களைக் கூர்மையாக்கும் 'அன்ஷார்ப் மாஸ்க்' மிக லேசாக, ஒன்று அல்லது இரண்டு பிக்சல் அளவில். மடிப்புக் கோடு, பொத்தல் ஆகியவற்றை இதெல்லாம் முடிந்தபின் திருத்துங்கள். முகத்தின் குறுக்கே மடிப்பு ஓடினால் கண், வாய்ப் பகுதியைத் தொடாமல் விட்டுவிடுவதே நேர்மை.

மழுக்கினால் புள்ளியோடு சட்டைக் கோடும் போய்விடுகிறது. வேறு வழி இல்லையா?

இருக்கிறது, கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் எதையும் ஃபூரியர் மாற்றம் என்னும் கணக்கு தனியே பிரித்துக் காட்டிவிடும். இமேஜ்-ஜே என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து 'எஃப்எஃப்டி' கொடுத்தால், கறுத்த ஆகாயத்தில் நடுவே ஒரு பிரகாசமும், அதைச் சுற்றி நான்கு மூலைத் திசைகளில் தனித்தனி வெளிச்சப் பொட்டுகளும் தெரியும். அந்தப் பொட்டுகள்தான் அச்சுப் புள்ளிகள். அவை மூலைவாக்கில் நிற்பதற்குக் காரணம், மேலே சொன்ன 45 பாகைச் சாய்வு. பொட்டுகளை மட்டும் கறுப்புத் தூரிகையால் மூடிவிட்டு, மறுபடி படமாக மாற்றும் 'இன்வர்ஸ் எஃப்எஃப்டி' கொடுங்கள். புள்ளிகள் போய், சட்டைக் கோடும் கைத்தறிப் புடவையின் கட்டமும் பெரும்பாலும் தங்கிவிடும்.

நடுப் பிரகாசத்தைத் தொடக் கூடாது, படமே அதற்குள்தான் இருக்கிறது. தாள் கசங்கியிருந்தால் புள்ளி வரிசைகள் வளைந்து, பொட்டுகள் சிதறித் தெரியும். அப்போது இந்த வழி அவ்வளவாக எடுபடாது, மழுக்கும் வழிக்கே திரும்ப வேண்டும்.

தாத்தா படத்தைச் சுற்றி அப்பா பேனாவில் வட்டம் போட்டுவிட்டார். காபிக் கறையும் இருக்கிறது. போகுமா?

கலரில் ஸ்கேன் செய்திருந்தால் நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு கலர்ப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்குகளால் ஆனது. தாளின் மஞ்சளும் கறையின் பழுப்பும் நீல அடுக்கில் மிக இருட்டாகவும் சிவப்பு அடுக்கில் வெளிறியும் தெரியும். ஆகவே சிவப்பு அடுக்கை மட்டும் தனியே எடுத்தால் தாள் வெளுத்து, கறை பாதிக்குமேல் மறைந்துவிடும். வட்டம் சிவப்பு மையில் இருந்தால் அதுவும் சேர்ந்தே காணாமல் போகும்.

நீல மை என்றால் சங்கடம். அது நீல அடுக்கில்தான் மறையும், ஆனால் அங்கே கறை கறுப்பாகத் தெரியும். வட்டம் இருக்கும் இடத்துக்கு மட்டும் நீல அடுக்கையும், மற்ற இடத்துக்குச் சிவப்பு அடுக்கையும் எடுத்து இணைக்க வேண்டும். அதற்கு முன் ஒரு வார்த்தை. உங்கள் அப்பா போட்ட வட்டம்தான் கூட்டத்தில் தாத்தா யார் என்பதற்கு இருக்கும் சாட்சி. மூலக் கோப்பில் அது அப்படியே இருக்கட்டும்.

முகம் முழுக்கக் கறுப்பாக இருக்கிறது. கொஞ்சம் வெளுப்பாக்கித் தர முடியுமா?

இரண்டு விஷயங்கள் இங்கே கலந்திருக்கின்றன. செய்தித்தாள் மையை உறிஞ்சும் தாள். மை பரவிப் புள்ளிகள் தடிக்கும், நிழலான இடங்களில் ஊசிக்குத்து வெள்ளைகள் அடைபட்டுப் போகும். உச்சிவெயிலில் மில் வாசலில் நின்றவர்களின் கண்குழி இப்படித்தான் இருண்டது. அதில் கொஞ்சத்தை மீட்கலாம். 'கர்வ்ஸ்' கருவியில் இருண்ட பகுதியை மட்டும் மெல்லத் தூக்குங்கள். வெள்ளை முற்றிலும் அடைபட்ட இடத்தில் எதுவும் வராது.

நிறத்தை வெளுப்பாக்குவது வேறு சங்கதி, அதை நான் செய்து தருவதில்லை. வெயிலிலும் நீராவியிலும் உழைத்த மனிதரின் நிறம் அவருடையது. செல்போன் செயலிகள் கேட்காமலே தோலை வழவழப்பாக்கி வெளுக்க வைக்கின்றன, அம்மைத் தழும்பையும் அழித்துவிடுகின்றன. அந்தத் தழும்பை வைத்துத்தான் பாட்டி அவரை அடையாளம் காட்டுவார்.

சரிசெய்த படத்தை வாட்ஸ்அப்பில் தம்பிக்கு அனுப்பினேன். அவனுக்கு மறுபடி மங்கலாகப் போயிருக்கிறதே?

போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள், கோப்பு அப்படியே போகும். மூலக் கோப்பை டிஃப் வடிவிலும், பார்ப்பதற்கான நகலை ஜேபெக் வடிவிலும் வையுங்கள். ஜேபெக்கைத் திறந்து திருத்தித் திருத்திச் சேமிக்கக் கூடாது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கெடும்.

நினைவு நாளுக்கு ஃபிளெக்ஸ் அடிக்க வேண்டும். ஆறடி உயரத்துக்கு இழுத்தால் தாங்குமா?

தாங்கும். ஃபிளெக்ஸைத் தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்துதான் பார்க்கிறோம். பெரிதாக்கினால் புள்ளி தெரியுமே என்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நான் சொல்லும் யோசனை நேர்மாறானது. ஃபிளெக்ஸுக்குப் புள்ளிகளை நீக்காத மூலக் கோப்பையே கொடுங்கள். தூரத்திலிருந்து பார்க்கும் கண் அவற்றைக் கலந்து முகமாக்கிவிடும், மழுக்கிய படத்தைவிடக் கூர்மையாகவும் தெரியும். செய்தித்தாளில் வந்த மனிதர் என்பதும் பார்த்தவுடன் புரியும்.

மாலை போட்டுக் கூடத்தில் மாட்டும் படம் என்றால் அருகிலிருந்து பார்ப்பார்கள். அதற்குப் புள்ளி நீக்கிய கோப்பு சரி. அளவு மட்டும் அடக்கமாக இருக்கட்டும். அச்சில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு வரை அழகாக இருக்கும், மூன்று மடங்குக்குமேல் முகம் கரையும்.

ஏஐ செயலியில் போட்டேன், தாத்தா கண்ணாடிபோல் வந்துவிட்டார். நீங்கள் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 65 வரிசை அச்சில் ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 25 புள்ளிகள். ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள முகத்தில் குறுக்கே 25, நெடுக்கே அதற்குக் கொஞ்சம் கூட, ஆக அறுநூற்றுச் சொச்சம் புள்ளிகள். கூட்டத்தில் நிற்பவரின் முகம் நான்கு மில்லிமீட்டர் என்றால் குறுக்கே பத்தே புள்ளிகள், கண்ணுக்கு இரண்டு கிடைத்தால் பெரிது. அந்த மனிதரைப் பற்றி அந்தப் படம் நமக்குச் சொல்வது அவ்வளவுதான். நீங்கள் பார்த்த இமைமயிரும் பற்களின் வரிசையும் அந்த இரண்டு புள்ளிகளில் இல்லை. யார் யாருடைய முகங்களையோ பார்த்துப் பழகிய மென்பொருள், அவற்றிலிருந்து ஊகித்து ஒரு முகத்தை வரைந்திருக்கிறது. வேறு செயலியில் போட்டுப் பாருங்கள், வேறொரு தாத்தா வருவார்.

1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய பெரம்பூர் வட்டாரம் இது. பக்கிங்காம் கர்னாடிக் ஆலை 1996-இல் மூடப்பட்டது. அதில் உழைத்த ஆயிரக்கணக்கானவர்களில் தனிப் படம் என்று ஒன்று இல்லாதவர்கள் ஏராளம். அவர்களுக்கு இன்னொருவர் முகத்தைக் கொடுத்துவிட்டால், பேரப்பிள்ளைகள் அதையே தாத்தா என்று நம்பி வளர்வார்கள். வீட்டில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் படத்தின்மேலேயே 'கணினி வரைந்தது' என்று எழுதி, பக்கத்தில் புள்ளிப் படத்தையும் மாட்டுங்கள். கோப்பின் பெயரிலும் அதைக் குறித்துவிடுங்கள். நிறம் ஏற்றிக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்: சட்டை பச்சையா நீலமா என்று கறுப்பு மைக்குத் தெரியாது.

எங்களிடம் இருப்பது ஜெராக்ஸ் பிரதிதான். அதைத் தெளிவாக்க முடியுமா?

மிகக் கொஞ்சம்தான். ஜெராக்ஸ் சிறிய புள்ளிகளை விட்டுவிட்டு, பெரிய புள்ளிகளை ஒட்டவைத்துவிடும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, அசலைத் தேடுவதுதான். தேதி தெரிந்தால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் கேளுங்கள். 1896-இல் திறந்த அந்த நூலகம், நாட்டில் வெளியாகும் நூல்களும் செய்தித்தாள்களும் சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. தமிழ் இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

படம் முதலில் போட்டோவாக எடுக்கப்பட்டது என்பதையும் மறக்காதீர்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் குண்டு வீசி, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த படத்தைச் செய்தித்தாளிலிருந்து வெட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்தக் காட்சிக்குப் புகைப்படப் பிரதிகளே இருக்கின்றன. புள்ளி இல்லாத பிரதி கிடைக்கும்போது புள்ளியோடு போராட வேண்டியதில்லை.

நறுக்கில் தேதி இல்லை. எந்த வருஷம் என்று கண்டுபிடிக்க முடியுமா?

இதற்காகவே பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்கிறேன். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. நயா பைசா என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. அரசு அறிவிப்பில் 'தமிழ்நாடு' என்று மாநிலத்தின் பெயர் இருந்தால், 1969 ஜனவரிக்குப் பிந்தையது என்று நினைக்க இடமுண்டு. விளம்பர முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகுதான். சுழித்து எழுதிய பழைய 'லை', 'னை' எழுத்துகள் 1978 அரசாணைக்கு முந்தைய அச்சைக் காட்டும், ஆனால் பெரியாரின் ஏடுகள் 1935 முதலே சீர்திருத்த எழுத்தில் வந்தன என்பதால் இந்த அடையாளத்தை மட்டும் நம்ப வேண்டாம். சினிமா விளம்பரம் இருந்துவிட்டால் வேலை சுலபம், படம் வெளியான ஆண்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

சரிசெய்த படத்தைப் புத்தகத்தில் போடலாமா? வழக்கு வருமா?

சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. அச்சிட்டு விற்பது வேறு. படம் வெளியாகி 60 ஆண்டு ஆகவில்லை என்றால் அந்தச் செய்தித்தாளிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். ஆகியிருந்தாலும் எடுத்தவர் யார் என்பதைப் பொறுத்து உரிமை நீளக்கூடும், பதிப்பாளரோடு கலந்து முடிவு செய்யுங்கள். படத்தைச் சுத்தம் செய்ததால் உங்களுக்கு அதில் உரிமை வந்துவிடாது. இதழின் பெயரையும் தேதியையும் படத்தின் கீழே அவசியம் போடுங்கள்.

ஒரே படம் இரண்டு நறுக்குகளாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் இன்னும் தெளிவாகுமா?

இரண்டும் எங்கிருந்து வந்தவை என்பதைப் பொறுத்தது. ஒரே நாளின் ஒரே பதிப்பில் இரண்டு பிரதிகள் என்றால் இரண்டிலும் அதே பிளாக், அதே புள்ளிகள். புதிய விவரம் கிடைக்காது. ஆனால் ஒன்றில் மடிப்பு விழுந்த இடம் மற்றதில் நன்றாக இருக்கும், ஒன்றில் மை அப்பிய இடம் மற்றதில் திறந்திருக்கும். இரண்டையும் அடுக்குகளாக வைத்து, புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி பொருத்தி, கெட்ட இடத்துக்கு நல்ல இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி நீக்குவதற்கு முன்பே பொருத்த வேண்டும், அப்போதுதான் சரியாக உட்கார்ந்ததா என்று புள்ளிகளே காட்டிக்கொடுக்கும்.

அதே போட்டோ இரண்டு வெவ்வேறு இதழ்களில் வந்திருந்தால் அது பெரிய வாய்ப்பு. இரண்டு இடத்திலும் தனித்தனியாக பிளாக் செய்திருப்பார்கள், புள்ளிகள் வேறு வேறு இடத்தில் விழுந்திருக்கும். ஒன்றில் இரண்டு புள்ளிக்கு நடுவே தொலைந்த மூக்கின் ஓரம் மற்றதில் ஒரு புள்ளியாகப் பதிந்திருக்கக்கூடும். ஒவ்வொன்றுக்கும் தனியே புள்ளி நீக்கி, ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, மேல் அடுக்கை 50 சதவீதம் ஒளிபுகும்படி வைத்துப் பாருங்கள். காது, சட்டைக் காலர், பின்னால் இருக்கும் கம்பம் என்று நகராத மூன்று இடங்களை வைத்துப் பொருத்தினால் சரியாக அமையும். ஓர் இதழில் ஓரத்தை வெட்டியிருந்தால் மற்றதில் அந்த ஓரத்தில் நின்றவரும் கிடைப்பார்.